பூவம்மாள் விரித்துப் பார்த்த புடவை

பூவம்மாள் கையில் ஒரு புடவை வந்துவிட்டால் அதை மடிப்போடு வைத்துக்கொள்ள மாட்டாள். உதறி முழுதாக விரிப்பாள். இரண்டு கைகளையும் அகட்டி, வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தூக்கிப் பிடிப்பாள். மடிப்பு விழுந்த கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழ்வரை ஓட்டுவாள். அதற்குப் பிறகுதான் கொடுத்தவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள்.

கடையில் இதைச் செய்தால் யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. புடவைக்கு ஃபால்ஸ் தைப்பதும் ஜாக்கெட் தைப்பதும்தான் அவள் தொழில். ஆனால் பூவம்மாள் காதுகுத்திலும் சடங்கிலும் கிரகப்பிரவேசத்திலும் அதையே செய்தாள். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து மரியாதைக்குக் கொடுக்கிற புடவையை, கொடுத்தவர் கை தட்டை விடுவதற்குள் எடுத்து, சபை நடுவில் விரித்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். "இந்தா, பூவு ஸ்கேன் எடுக்க ஆரம்பிச்சுட்டா" என்று யாராவது சொல்வார்கள். பூவம்மாள் சிரிக்க மாட்டாள். நல்ல புடவையாக இருந்தால் மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இல்லாவிட்டால் மடித்துத் தட்டிலேயே வைத்துவிட்டு, "வெத்தலையே போதும்ங்க, அதான் மரியாதை" என்பாள்.

பல வருடங்களாக இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் ரோஸ்லின்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடிக்கொண்டால் லேசில் திறக்காது. பஸ்ஸும் காரும் வரிசையாக நிற்கும். எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர்கள் இறங்கி டீ குடிக்கப் போவார்கள். ஊர் முழுவதும் அந்த கேட்டைத் திட்டும், பூவம்மாள் ஒருத்தி மட்டும் திட்ட மாட்டாள். அவள் கடை கேட்டை ஒட்டி இருந்தது. பஸ்ஸில் வெந்துகொண்டிருக்கிற பெண்கள் இறங்கி வந்து, "ஃபால்ஸ் எப்பக் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். "அடுத்த தடவ கேட் போடும்போது வாங்க, ரெடியா இருக்கும்" என்பாள் பூவம்மாள். அப்படிச் சேர்ந்த வாடிக்கைதான் பாதி.

கடையில் மிஷின் பூவம்மாளுடையது, ஊசி ரோஸ்லினுடையது. பூவம்மாள் மிஷினில் ஜாக்கெட் அடிப்பாள். ஃபால்ஸ், கைத்தையல், கொக்கி, நைந்த இடத்தில் இழை ஓட்டுவது எல்லாம் ரோஸ்லின் வேலை. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் ரோஸ்லின் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எட்டாவதோடு படிப்பை விட்டவள் ரோஸ்லின். வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்ற பயத்திலேயே பள்ளிக்கூடத்தை விட்டதாக அவள் அம்மா சொல்வாள். அது முழுக்கப் பொய்யில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் ரோஸ்லினுக்கு வாய் வராது, கண் மட்டும் வேலை செய்யும். மாதா கோவிலில் ஜெபம் சொல்லும்போதுகூட அவள் உதடு அசையும், சத்தம் கேட்காது. பூவம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் கடையில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பூவம்மாளுக்கு இந்தப் பழக்கம் பிறந்த கதை ரோஸ்லினுக்கு நன்றாகத் தெரியும். கேட் மூடிய நேரங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

விசேஷ வீடுகளில் வைத்துக் கொடுக்கிற புடவை என்று ஒரு ஜாதிப் புடவை உண்டு. யாரும் கட்டுவதற்காக வாங்குவதில்லை, கொடுப்பதற்காக வாங்குவது. வாங்கிக்கொண்டவர்களும் கட்ட மாட்டார்கள். பீரோவில் போட்டு வைத்து அடுத்த விசேஷத்துக்கு அதையே எடுத்துக் கொடுப்பார்கள். இப்படி அந்தப் புடவை வலங்கைமானுக்குப் போய், மன்னார்குடிக்குப் போய், மறுபடி நீடாமங்கலத்துக்கே வந்து சேரும். ஒரு உடம்பில்கூட ஏறியிருக்காது. ஆனால் மடிப்பு மாற்றாமல் வருடக்கணக்கில் கிடந்ததில் மடிப்புக் கோடெல்லாம் நைந்து போயிருக்கும். மேலே பார்த்தால் புத்தம் புதுசு. கட்டி உட்கார்ந்தால் விட்டுவிடும்.

பூவம்மாளின் மகள் ஜெயபாரதிக்குச் சடங்கு செய்தபோது தாய்மாமன் சீராக அப்படி ஒன்றுதான் வந்தது. தாய்மாமன் இளையபெருமாள், பூவம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். வெண்ணாற்றங்கரைப் பக்கம் நல்ல நிலம், மேற்கொண்டு குத்தகைக்கும் எடுத்து நடவு செய்கிறவர். புடவை விஷயத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. எடுத்து வைத்தது அவர் மனைவி குந்தவை. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு பெண் மனையில் உட்கார்ந்தாள், எழுந்தாள். எழுந்தபோது முழங்காலிலிருந்து இடுப்புவரை புடவை ஒரே கோடாகப் பிளந்துகொண்டது. ஓடி வந்து துண்டைப் போர்த்தினார்கள். பந்தலில் யாரோ சிரித்தார்கள். அந்த வயதுப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள், பந்தி முடியும் மட்டும் திறக்கவில்லை.

"அன்னைக்கு முடிவு பண்ணேன்டி ரோசு" என்பாள் பூவம்மாள். "இனிமே எவ கொடுத்தாலும் சபையிலயே விரிச்சுப் பாக்கறதுன்னு. கொடுக்கறவ கூசட்டும். கட்டறவ ஏன் கூசணும்?"

"அவங்களுக்குத் தெரிஞ்சே பண்ணியிருப்பாங்களாக்கா?" என்று ரோஸ்லின் ஒருமுறை கேட்டாள்.

"எங்க அண்ணிக்கா? பீரோ தொறந்தா புடவை சரிஞ்சு மேல விழும், அந்த வீட்ல. அவ்வளவு பட்டு. இருந்தும் எம்பொண்ணுக்கு அதுதான் கெடச்சுச்சு. அந்தம்மா கல்யாணத்தன்னைக்கே அப்படித்தான். நான் நாத்தனாரு, பின்னாடி நின்னு வெளக்குப் புடிச்சேன். சின்னப் பொண்ணு, கை ஆடிப்போச்சு. கூறைப் புடவை முந்தானியில ஒரு சொட்டு எண்ணெய். ஒரே ஒரு சொட்டு! தாலி ஏறி நிமிசம் ஆவல, திரும்பி என்னைய ஒரு முறை முறைச்சுச்சு பாரு. 'கண்ணு தெரியாதா ஒனக்கு'ன்னுச்சு. அதுதான் எங்கிட்ட பேசுன மொதப் பேச்சு."

அன்றிலிருந்து ஆரம்பித்தது இரண்டு பேருக்கும். பேச்சு வார்த்தை இல்லாமல் போகவும் இல்லை, சேர்ந்து சிரித்ததாகவும் இல்லை.

இப்போது ஜெயபாரதிக்கு வைகாசியில் கல்யாணம் என்று ஆனது. பெண் நர்சிங் படித்துத் திருச்சியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வீடு மன்னார்குடி, ரெத்தினம் என்பது மாப்பிள்ளையின் அம்மா பெயர். நல்ல மனுஷிதான், ஆனால் எதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுவாள். நிச்சயத்துக்கு வந்த அன்று மாத்திரையளவு கறை இருந்த டம்ளரைத் திருப்பிக் கொடுத்தவள்.

இரண்டு வீட்டு வழக்கத்திலும் பெண் முதலில் மணவறைக்கு வரும்போது மாமன் வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். நலங்கும் சடங்குகளும் அந்தப் புடவையோடு. கூறையெல்லாம் அதற்குப் பிறகு. முந்தின நாள் சாயங்காலம் மாமன் வீட்டார் மேளத்தோடு தட்டு எடுத்து வந்து சபையில் வைப்பார்கள்.

"கடையில வெலை ஒட்டுன பொட்டியோட வந்தாலும் சரி, சபையில விரிப்பேன்" என்று பூவம்மாள் மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு எழை விட்டிருந்தாலும் தட்டோட திருப்பிடுவேன். எம்பொண்ணு ரெண்டாந் தடவ கதவைச் சாத்திக்கிட்டு உக்காரக்கூடாது. அதுவும் அந்த ரெத்தினம்மா முன்னாடி."

சொன்னால் செய்கிறவள். ரோஸ்லின் ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ரோஸ்லின் வீட்டுக்கு வந்து உலை வைக்கும் நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. குந்தவை நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. கடைக்கு ஓரிரு தடவை வந்து பார்த்ததோடு சரி, வீட்டுக்கு வந்ததே இல்லை.

"வாங்கம்மா" என்றாள் ரோஸ்லின்.

"கதவை ஒருக்களிச்சு வை" என்றாள் குந்தவை. பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. கரையில் மயில்கண் சரிகை நெருக்கமாக ஓடியது. அந்த மாதிரி சரிகை இப்போது வருவதில்லை. "இதை ஒழுங்கு பண்ணணும். ஒன்னால முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லு. வேற எதுவும் கேக்காத."

ரோஸ்லின் விரித்தாள். நடு மடிப்பில் இரண்டு இடத்தில் பட்டு விட்டிருந்தது. கொசுவம் வரும் பக்கம் இழை இழையாகப் பிரிந்திருந்தது. முந்தானையைத் தூக்கிப் பார்த்தபோது ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கறை. பழைய எண்ணெய்க் கறை. எத்தனை வருடமானாலும் பட்டில் எண்ணெய் போகாது.

ரோஸ்லின் அந்தக் கறையையே பார்த்தாள். குந்தவையும் அவள் பார்ப்பதைப் பார்த்தாள்.

"பூவு சொல்லியிருப்பாளே" என்றாள் குந்தவை.

ரோஸ்லின் தலையை மட்டும் அசைத்தாள்.

"சொல்லாம இருப்பாளா. ஊரு பூரா சொல்லியிருப்பா." குந்தவை முகத்தைத் திருப்பி, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். "ஜெயபாரதிக்கு மாமன் வீட்டுப் புடவை இதுதான். தட்டு வர்ற வரைக்கும் பூவுக்குத் தெரியக்கூடாது."

போன தை மாதம் பெய்த மழை ரோஸ்லினுக்குத் தெரியும். அவள் புருஷன் குழந்தைராஜ் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். அறுவடைக்கு நின்ற கதிரெல்லாம் சாய்ந்து தண்ணீரில் முளைத்துப்போன கதையைத் தினமும் வந்து சொன்னான். முந்தின வருடமும் அப்படித்தான். சொந்த நிலக்காரர்களே தள்ளாடும்போது, குத்தகைக்கும் சேர்த்து எடுத்தவர்களைச் சொல்லவே வேண்டாம். குந்தவையின் காதில் எப்போதும் இருக்கும் கல் தோடு இல்லை என்பதை, அவள் வாசலில் நின்றபோதே ரோஸ்லினின் கண் எடுத்துவிட்டது. ஆனால் அந்த அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"முடியும்மா" என்றாள் ரோஸ்லின். "மெல்லிசா நெட் துணி இருக்கு. உள்பக்கம் வச்சு ஓட்டிடலாம். வெளிய தெரியாது. ஃபால்ஸை மாத்திடலாம். பாலிஷ் மட்டும் போடாதீங்க, ரோலர்ல விட்டு இழுத்தா மிச்சமும் விட்டுடும்."

"உக்காந்து எழுந்திரிச்சா தாங்குமா?"

ரோஸ்லின் யோசித்துத்தான் சொன்னாள். "ஒரு காலைப் பொழுது தாங்கும்."

"அது போதும்." குந்தவை எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஏன் புள்ள, ஒங்க கடையில புதுப் புடவைப் பொட்டி ஏதாச்சும் கெடக்குமா? தட்டுல வைக்க."

ஃபால்ஸுக்கு வருகிற பெண்கள் புடவையை மட்டும் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கடையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். கடைப் பரணில் கும்பகோணம் கடைப் பெட்டிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ரோஸ்லின் சரி என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளும் அவளுக்கு அந்தப் புடவையோடுதான் போயின. தைப்பதற்கான நூலை அவள் வெளியில் வாங்கவில்லை. புடவையின் உள்முனையிலிருந்து, இடுப்பில் சொருகும் பக்கத்திலிருந்து, இழை உருவி எடுத்தாள். நிறம் அதே நிறம், வயதும் அதே வயது. புது நூலைப் பழைய பட்டில் ஓட்டினால் அது பட்டை அறுத்துவிடும். விட்டுப்போன மடிப்புகளுக்குப் பின்னால் நெட்டை வைத்து, எறும்பு ஊர்கிற மாதிரி பொடித் தையலாக ஓட்டினாள். முந்தானைக் கறையை மட்டும் தொடவில்லை. சாக்பீஸ் பொடி போட்டுப் பார்க்கலாம், சின்னதாக ஒரு பூ வேலை வைத்து மறைக்கலாம். கை போகவில்லை. அது அந்தப் புடவையோடு வந்தது.

கடையில் பூவம்மாளின் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தாள். ஒரு தடவை கேட் திறந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு தடவை பூவம்மாளே, "என்னடி முழிக்கிற, ஊசிய முழுங்கிட்டியா?" என்றாள். அதோடு போயிற்று. சொல்லிவிட்டால் குந்தவை அம்மாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் சபையில் அக்கா விரிக்கப்போகிறாள், கறையைப் பார்க்கப்போகிறாள், தட்டைத் திருப்பப்போகிறாள். ஜெயபாரதியின் தலை மறுபடியும் குனியும். ரோஸ்லின் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், தையல். அது விடாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள்.

பெட்டியை மட்டும் அவசரத்தில் எடுத்துவிட்டாள். பூவம்மாள் டீ வாங்கப் போன நேரத்தில் பரணிலிருந்து ஒன்றை இழுத்து, தூசி தட்டிப் பைக்குள் வைத்தவள், உள்ளே சரியாகப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். மண்டபத்து ஏசி வேலை செய்யவில்லை, பெரிய ஃபேன்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பூவம்மாள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். இளையபெருமாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். குந்தவை தட்டோடு வந்தாள். பழம், பூ, வளையல், நடுவில் கும்பகோணம் கடைப் பெட்டி.

ஜமக்காளத்தில் ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார், ஒரு பக்கம் பெண் வீட்டார். ரெத்தினம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரோஸ்லின் தூணோரம் நின்றாள். தட்டைச் சபையில் வைத்து இளையபெருமாள், "மாமன் வீட்டுச் சீரு, பெரியவங்க தொட்டுக் கொடுங்க" என்றார்.

யாரும் தொடுவதற்குள் பூவம்மாள் பெட்டியை எடுத்தாள். "பூவு, நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றார் அவள் கணவர் ரெங்கசாமி. அது காற்றில் போயிற்று.

மூடியைத் திறந்து புடவையைத் தூக்கினாள். பெட்டி மூலையிலிருந்து இரண்டு ஜாக்கெட் கொக்கிகள் பித்தளைத் தட்டில் விழுந்தன. சின்னச் சத்தம்தான். கொக்கியைப் போட்டுவைக்க அந்தப் பெட்டிகளைப் பயன்படுத்துவது இந்த ஊரிலேயே ஒரு கடைதான். பூவம்மாள் கொக்கியைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, கூட்டத்தைத் துழாவி, தூணோரம் ரோஸ்லினைப் பார்த்தாள். ரோஸ்லின் தூணோடு ஒட்டி நின்றாள். ஆனாலும் அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

பூவம்மாள் புடவையை விரித்தாள். எல்லாரும் எதிர்பார்த்ததுதான், சிரிப்புக்குக்கூடத் தயாராக இருந்தார்கள். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். கட்டைவிரலை மடிப்பில் வைத்து ஓட்டினாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. பின்பக்கம் திருப்பி நெட்டைத் தடவினாள். பொடித் தையலைத் தடவினாள். அந்தத் தையலை அவள் இருட்டில் தொட்டாலும் யாருடையது என்று சொல்லிவிடுவாள். பிறகு முந்தானையை இழுத்தாள்.

கறையிடம் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

குந்தவை நிமிர்ந்தே நின்றாள். இளையபெருமாள் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளறை வாசலில் ஜெயபாரதி, கையில் மருதாணியோடு, அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க சம்பந்தி" என்றாள் ரெத்தினம். "பட்டு பழசாட்டம் தெரியுது?"

பூவம்மாள் திரும்பினாள். குரலை ஒரு படி ஏற்றித்தான் பேசினாள். "பழசுதாங்க. எங்க அண்ணியோட கல்யாணக் கூறை. இந்தா, இந்த எண்ணெய்ச் சொட்டு நான் போட்டது. வெளக்குப் புடிச்சு நின்னப்ப. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதுக்குத் திட்டு."

யாரோ சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு.

"இவ்வளவு பேரு இருக்கற எடத்துலயும் அதைச் சொல்லணுமா ஒனக்கு?" என்றாள் குந்தவை.

"பின்ன எங்க சொல்லுவேன், அண்ணி? சாட்சி இப்பத்தான கைக்கு வந்துருக்கு?"

"கூறையக் கொடுக்கறது பெரிய மனசுதான், நான் இல்லேங்கல" என்றாள் ரெத்தினம். அவள் விடுகிறவள் இல்லை. "ஆனா பொண்ணு உக்காந்து எழுந்திரிக்கணும். பழைய பட்டு. சபையில ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"

பூவம்மாளின் வாய் திறந்து மூடியதை ரோஸ்லின் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அக்காவுக்கு வார்த்தை வராமல் நின்றதை அவள் பார்த்ததே இல்லை. ஜெயபாரதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழியாதுங்க."

யார் பேசியது என்று முன்வரிசை திரும்பியது. ரோஸ்லினுக்கே அது தன் குரல்தானா என்று இருந்தது. ஆனால் ஆரம்பித்தாயிற்று. "நான் தச்சிருக்கேன். அதே பட்டுல நூல் எடுத்து, நெட் வச்சுத் தச்சிருக்கேன். நாளைக்குக் காலைல பொண்ணு கட்டும், உக்காரும், எழுந்திரிக்கும். ஒண்ணும் ஆவாது. ஆச்சுன்னா என்னைய வந்து கேளுங்க. கேட்டுக்குப் பக்கத்துலதான் கடை."

ரெத்தினம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து வந்து புடவையின் பின்பக்கத்தைத் தானே தடவிப் பார்த்தாள். ஒரு தையலை நகத்தால் நெம்பிக்கூடப் பார்த்தாள். அது அசையவில்லை.

"சரி" என்றாள். "கேட்டுக்கிட்டதுல தப்பில்லையே."

"ஒரு தப்பும் இல்லீங்க, நான் கேக்காததா?" என்றாள் பூவம்மாள். புடவையை மடித்தாள், பழைய கோட்டில் மடிக்காமல் கோடு மாற்றி மடித்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு மகள் கையில் கொடுத்தாள். கொக்கிகள் இரண்டையும் பொறுக்கித் தன் மணிபர்சில் போட்டுக்கொண்டாள். தூணைக் கடந்து போகும்போது ரோஸ்லின் காதோரம், "ஒனக்குக் கடையில வச்சுக்கிறேன்டி கச்சேரி" என்றாள்.

காலையில் ஜெயபாரதி அரக்குப் பட்டில் மணவறைக்கு வந்தாள். ரோஸ்லின் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் உட்கார்ந்தாள். சடங்குகள் நடந்தன. மணமகள் கூறை மாற்ற எழுந்தாள். எழுந்தபோது தோள் பக்கம், தையல் இல்லாத ஒரு இடத்தில், நூல் அறுகிற மாதிரி லேசாக ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற பூவம்மாள் மாலையை அந்த இடத்துக்குத் தள்ளிவிட்டு, மகளின் தோளை அணைத்தபடி உள்ளே அழைத்துப் போனாள். வேறு யாருக்கும் தெரியாது. முழங்கால் மடிப்பு அப்படியே இருந்தது.

பந்தியெல்லாம் முடிந்து, மண்டபத்துப் பின்வாசலில் பூவம்மாளும் குந்தவையும் ரோஸ்லினும் வெற்றிலை போட உட்கார்ந்தார்கள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள் பூவம்மாள்.

"சொன்னா நீ என்ன சொல்லுவ? நூல் புடவை போதும்பே. ஒங்க அண்ணன் சபையில நூல் புடவையோட வந்து நிக்கணுமா?"

"நின்னா என்ன?"

"ஒனக்கு ஒண்ணுமில்ல. அவருக்கு இருக்கு."

பூவம்மாள் பாக்கை வாயில் போட்டுக்கொண்டாள். அவளால் அதை விட முடியவில்லை. "அப்ப அன்னைக்கு? சடங்குல கொடுத்தது?"

ரோஸ்லின் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். குந்தவை சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அன்னைக்குப் பீரோ நெறைய இருந்துச்சு. எதையும் கொடுக்க மனசு வரல. கழிச்சுப் போட்டதுல ஒண்ண எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவ தொறந்தா இது ஒண்ணுதான் இருந்துச்சு." வெற்றிலையை மடித்தாள். "போதுமா? இதையும் ஊரு பூரா சொல்லு."

"சொல்லுவேன்தான்" என்றாள் பூவம்மாள். "ஆனா ரெண்டையும் சேத்துச் சொல்லுவேன்."

சொல்லவும் சொல்கிறாள். கேட் மூடிக் கிடக்கிற நேரத்தில் யாராவது கேட்டால் முழுவதையும் சொல்கிறாள்.

ரோஸ்லினுக்குக் கிடைத்த கச்சேரி இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் பூவம்மாளே டீ வாங்கிவந்து வைத்தாள். அதற்குப் பிறகு கடைக்குப் பழைய பட்டுகள் வர ஆரம்பித்தன. ரெத்தினம்தான் மன்னார்குடியில் போய்ச் சொல்லியிருந்தாள். முதலில் வந்த புடவை அவளுடையதே.

இப்போது ஜெயபாரதி திருச்சியில் இருக்கிறாள். அரக்குப் புடவை அவள் பீரோவில் இருக்கிறது, தோள் பக்கத்து விரிசலை ரோஸ்லின் தைத்துக் கொடுத்துவிட்டாள், எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. இளையபெருமாள் குத்தகை நிலத்தை விட்டுவிட்டுச் சொந்த நிலத்தை மட்டும் நடுகிறார். குந்தவை போன தீபாவளிக்குப் பூவம்மாளுக்கு ஒரு சுங்குடிப் புடவை எடுத்துக் கொடுத்தாள், பெட்டி இல்லாமல், மடிப்புப் பிரித்து. பூவம்மாள் அதையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, கலர்தான் சரியில்லை என்றாள். வாரம் தவறாமல் அதைக் கட்டிக்கொண்டுதான் கடைக்கு வருகிறாள்.